இரவு இரண்டு மணிக்கு எழுந்து சார்ஜரைப் பிடுங்க வேண்டாம்

வாசகி கேள்வி:

"என் கைபேசிக்கு இரண்டே முக்கால் வருடம் ஆகிறது. வாங்கிய நாளிலிருந்து பேட்டரியைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். இரவில் சார்ஜில் போட்டுவிட்டு, நிறைந்த பிறகும் மின்சாரம் ஏறிக்கொண்டே இருக்குமே என்று பயந்து, இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து பிடுங்கிவிடுவேன். அலாரச் சத்தத்தில் மற்றவர்கள் விழித்துக்கொள்ளக் கூடாது என்று தலையணைக்கு அடியிலேயே வைத்துக்கொள்வேன். அண்ணன் சொன்னபடி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூஜ்ஜியம் வரை இறக்கி, மறுபடி நூறு வரை ஏற்றுவேன். இப்போது பேட்டரி ஆரோக்கியம் 74 சதவீதம் என்று காட்டுகிறது. 25 சதவீதம் இருக்கும்போதே கேமராவைத் திறந்தால் அணைந்துவிடுகிறது. 80க்கு மேல் ஏற்றவே கூடாது என்கிறாள் மகள். வேகமாக ஏற்றும் சார்ஜர்தான் கெடுத்தது என்கிறார் கணவர். நான் எங்கே தவறு செய்தேன்? புதுக் கைபேசிதான் வாங்க வேண்டுமா? இன்னொன்று: அலமாரியில் மூன்று வருடமாக ஒரு பழைய கைபேசி கிடக்கிறது. மறைந்த என் அப்பா பேசிய குரல் பதிவுகள் அதில் இருக்கின்றன. அதை ஏதாவது செய்து வைக்க வேண்டுமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த அலாரத்தை எடுத்துவிடுங்கள், இன்றிரவே. இத்தனை நாள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஒரு பேட்டரிக்குக் காவல் இருந்திருக்கிறீர்கள் என்று படித்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அந்தக் காவல் வேலையை உங்கள் கைபேசிக்குள் இருக்கும் ஒரு சின்னச் சில்லு முதல் நாளிலிருந்தே செய்துவருகிறது. பேட்டரி காலியாக இருக்கும்போது அது மின்னோட்டத்தை வேகமாக விடும். மின்னழுத்தம் மேல் வரம்பைத் தொட்டதும், அதைத் தாண்டவிடாமல் பிடித்துக்கொண்டு, மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வரும். நிறைந்ததும் நிறுத்திவிடும். கடைசி இருபது சதவீதம் ஏற அவ்வளவு நேரம் பிடிப்பது அதனால்தான். சார்ஜர் விடிய விடியச் செருகியே இருந்தாலும், நிறைந்த பேட்டரிக்குள் மேலும் மேலும் மின்சாரம் திணிக்கப்படுவதில்லை. நிறைந்த நிலையிலேயே நெடுநேரம் இருப்பது நல்லதா என்பது வேறு கேள்வி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எங்கே தவறு செய்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேட்டரியின் வயதை வருடத்தில் மட்டும் எண்ணுவதில்லை, சுற்றிலும் எண்ணுவார்கள். நூறு சதவீத அளவுக்கு மின்சாரத்தைச் செலவழித்தால் ஒரு சுற்று. இன்று 60, நாளை 40 என்றாலும் இரண்டும் சேர்ந்து ஒரு சுற்றுதான். எத்தனை முறை சார்ஜரைச் செருகினீர்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நாளொன்றுக்குச் சராசரியாக 60 சதவீதம் செலவழித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 219 சுற்று. இரண்டே முக்கால் வருடத்தில் ஏறக்குறைய 600.

500 சுற்று முடியும்போது ஆரம்பக் கொள்ளளவில் 80 சதவீதம் மிஞ்சும்படி கைபேசி பேட்டரியை வடிவமைப்பது வெகுகாலம் வழக்கமாக இருந்தது. ஐபோன் 14 வரைக்கும் ஆப்பிள் சொன்ன கணக்கு அதுதான். 15ஆம் வரிசையிலிருந்து அதை 1000 சுற்று என்று உயர்த்தினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில், 2025 ஜூன் 20 முதல் புதிதாகச் சந்தைக்கு வரும் கைபேசிகளின் பேட்டரி 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. இதையெல்லாம் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்கள் 74ஐப் பாருங்கள். 600 சுற்று ஓடிய ஒரு பேட்டரி இருக்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் எதையும் பாழாக்கவில்லை. பழியை உங்கள் மேல் போட்டுக்கொள்ளாதீர்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், வீட்டில் ஆளுக்கொன்று சொல்வதில் எது சரி என்று நீங்களே தீர்மானித்துவிடலாம். கைபேசி பேட்டரிக்குள் மெல்லிய இரண்டு தாள்கள் பாய் சுருட்டினாற்போல் நெருக்கமாக வைக்கப்பட்டிருக்கும். ஒன்று செப்புத் தாள், அதன் மேல் கிராஃபைட் பூச்சு. மற்றது அலுமினியத் தாள், அதன் மேல் பெரும்பாலும் லித்தியம் கோபால்ட் ஆக்சைடு பூச்சு. இரண்டும் ஒட்டிக்கொள்ளாதபடி நடுவில் நுண்துளைகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் படலம். எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டு, அயனிகள் கடந்துபோக வழிவிடும் மின்பகுளித் திரவம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள், அதாவது மின்னூட்டம் பெற்ற லித்தியம் அணுக்கள், கோபால்ட் பக்கத்திலிருந்து கிளம்பி, திரவத்தைக் கடந்து, கிராஃபைட்டின் அடுக்குகளுக்கு இடையில் போய் உட்காரும். நீங்கள் பேசும்போதும் படம் பார்க்கும்போதும் வந்த வழியே திரும்பிப் போகும். ஆரம்ப நாட்களில் ஆராய்ச்சியாளர்கள் இதை 'ஆடும் நாற்காலி பேட்டரி' என்றே அழைத்தார்கள். முன்னும் பின்னும் ஆடுவதுதான் அதன் வேலை முழுவதும். 1991இல் சோனி இதை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடித்தளம் போட்ட ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் போக்குவரத்து குறையில்லாமல் நடந்தால் பேட்டரிக்கு வயதே ஆகாது. ஆனால் சார்ஜ் ஏறிய கிராஃபைட்டும் அந்தத் திரவமும் ஒத்துப்போகிறவை அல்ல. தொழிற்சாலையில் முதன்முதலாகச் சார்ஜ் ஏற்றும்போதே, கிராஃபைட்டைத் தொடும் இடத்தில் திரவம் சிதைந்து மெல்லிய ஒரு பொருக்கு கட்டிவிடும். புண்ணின் மேல் கட்டுகிற பொருக்கு மாதிரிதான் அதுவும். அது மூடிக்கொள்வதால்தான் திரவம் மேற்கொண்டு தாறுமாறாகச் சிதையாமல் இருக்கிறது. ஆனால் அதைக் கட்டுவதற்குக் கொஞ்சம் லித்தியம் செலவாகும். செலவான லித்தியம் திரும்பி வராது. அதோடு நின்றால் பரவாயில்லை. சார்ஜ் ஏறும்போது கிராஃபைட் கிட்டத்தட்ட பத்து சதவீதம் உப்பும், இறங்கும்போது சுருங்கும். உப்பிச் சுருங்கும்போது பொருக்கில் விரிசல் விடும். விரிசலில் திரவம் புகுந்து புதுப் பொருக்கு கட்டும். மறுபடி கொஞ்சம் லித்தியம் போகும். ஒரு சுற்றுக்குப் போவது மிகமிகக் கொஞ்சம். 600 சுற்றில் அது கால் பங்காகச் சேர்ந்துவிடுகிறது. பொருக்கு தடிக்கத் தடிக்க, அயனிகள் அதைத் துளைத்துப் போவதும் சிரமமாகிறது. அக மின்தடை (பேட்டரிக்கு உள்ளேயே மின்னோட்டத்துக்கு ஏற்படும் தடை) கூடிவிட்டது என்று பழுது பார்க்கும் நாங்கள் சொல்வதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஆக, பேட்டரிக்கு வயதாவது என்றால் இரண்டு விஷயம். பயணம் போகிற ஆட்கள் குறைகிறார்கள், பாதையும் கரடுமுரடாகிறது. உங்கள் 74 என்ற எண் முதலாவதைச் சொல்கிறது. கேமராவைத் திறந்ததும் அணைந்துபோவது இரண்டாவதன் வேலை.

அந்தக் கேமரா விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் பலரும் இதைத்தான் கைபேசியே கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். கைபேசி வேலை செய்ய மின்னழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது. எடுத்துக்காட்டுக்கு அதை 3.2 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 25 சதவீதத்தில் பேட்டரி சும்மா இருக்கும்போது 3.7 வோல்ட் காட்டுகிறது. கேமராவைத் திறந்தால் திரை, உணர்வி, செயலி எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டு 2 ஆம்பியர் இழுக்கின்றன என்று கொள்வோம். புது பேட்டரியின் அக மின்தடை 0.1 ஓம் என்றால் அந்த நொடியில் 0.2 வோல்ட் சரியும், 3.5 மிஞ்சும், ஒன்றும் ஆகாது. வயதான பேட்டரியில் அதே மின்தடை 0.3 ஓம் ஆகியிருந்தால் சரிவு 0.6 வோல்ட். 3.1க்கு இறங்கிவிட்டது, கைபேசி அணைந்துவிட்டது. உள்ளே இருந்த 25 சதவீதம் பொய்யில்லை. தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, குழாய்தான் அடைத்திருக்கிறது. குளிரான இடத்தில் இந்த மின்தடை இன்னும் கூடும். வயதான கைபேசிகள் குளிரில் திடீர் திடீரென்று அணைவதற்குக் காரணம் இதுதான்.

இந்தச் சரிவைத் தடுக்கக் கைபேசியின் வேகத்தையே குறைத்துவிடுவது ஒரு வழி. ஆப்பிள் 2017 தொடக்கத்தில் ஒரு மென்பொருள் புதுப்பிப்பில் அப்படிச் செய்தது, ஆனால் பயனர்களுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் அது வெளிப்பட்டுப் பெரும் எதிர்ப்பு கிளம்ப, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. பேட்டரி ஆரோக்கியத்தைக் காட்டும் பக்கம் ஐபோனில் வந்ததும் அதற்கு அடுத்த ஆண்டுதான். நான் இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கைபேசி மந்தமாகிவிட்டது, இனி இது உதவாது என்று தூக்கிப் போடுகிறவர்களில் சிலருக்கு உண்மையில் பேட்டரி மட்டும்தான் மந்தம். புது பேட்டரி போட்டதும் பழைய வேகம் திரும்பிவிடும்.

சரி, வயதாவதை எது விரைவுபடுத்துகிறது? பலரும் பயன்பாட்டை மட்டும் நினைக்கிறார்கள். பெட்டியில் பூட்டி வைத்தாலும் பேட்டரிக்கு வயதாகும். பொருக்கு கட்டுகிற வேலை சார்ஜ் ஏறும்போது மட்டும் நடப்பதில்லை. பேட்டரி நிறைந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மெதுவாக நடந்துகொண்டேதான் இருக்கிறது. அதற்கு எண்ணெய் ஊற்றுகிறவை இரண்டு: வெப்பமும், உயர்ந்த மின்னழுத்தமும். பேட்டரி யுனிவர்சிட்டி என்ற தளம் வெளியிட்டு, இத்துறையில் பரவலாகப் புழங்கும் ஓர் அட்டவணை உண்டு. 25 டிகிரி வெப்பத்தில் 40 சதவீதச் சார்ஜோடு ஒரு வருடம் வைத்தால் கொள்ளளவில் சுமார் 4 சதவீதம் போகும். அதே வெப்பத்தில் முழுச் சார்ஜோடு வைத்தால் 20 சதவீதம். 40 டிகிரியில் முழுச் சார்ஜோடு வைத்தால் 35. பேட்டரியின் ரகத்தைப் பொறுத்து எண்கள் முன்பின் இருக்கும். ஆனால் நிறைந்த வயிறும் சூடும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். பழுது பார்க்கும் வேலைக்கு வந்த புதிதில், அவசரத்துக்கு உதவட்டும் என்று ஒரு புதுக் கைபேசியை நூறு வரை ஏற்றி, வெயில் அடிக்கும் சுவரையொட்டிய அலமாரியில் வைத்தேன். மாதம் ஒரு முறை எடுத்து மறுபடி நூறாக்கி வைப்பேன். நல்லபடியாகப் பராமரிக்கிறேன் என்றுதான் நினைத்தேன். ஒன்றரை வருடம் கழித்துத் தேவைப்பட்ட நாளில் எடுத்தால் பின்மூடி லேசாக உப்பியிருந்தது. அரை நாள்கூடத் தாங்கவில்லை. ஒரு நாளும் பயன்படுத்தாத கைபேசி அது.

இப்போது உங்கள் தலையணைக்கு வருகிறேன். சார்ஜ் ஏறும்போது எந்தக் கைபேசியும் கொஞ்சம் சூடாகும். அந்தச் சூடு பின்பக்கத்தின் வழியாகக் காற்றில் கலந்துவிட வேண்டும். தலையணைக்கு அடியில் அது போக இடமில்லை. நிறைந்துகொண்டிருக்கும் பேட்டரி, மேலே பஞ்சு, பல மணி நேரம்: எது பேட்டரியை மூப்படைய வைக்கும் என்று சொன்னேனோ அது இரண்டும் ஒன்றாக அங்கே இருந்திருக்கிறது. பொதுவாக 10 டிகிரி கூடினால் இப்படிப்பட்ட வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் பழைய கணக்கு. உங்கள் 74 இன்னும் சற்று மேலே இருந்திருக்க வேண்டியது என்றால், நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். அதைவிட முக்கியம், இது பாதுகாப்பானதும் இல்லை. பேட்டரியிலோ சார்ஜரிலோ கோளாறு இருந்து சூடு கட்டுமீறினால், பக்கத்தில் துணியும் பஞ்சும் இருக்கக் கூடாது. மேசை மேலோ தரையிலோ, காற்றுப் படும் இடத்தில் வைத்து ஏற்றுங்கள்.

வெப்பத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் என் மேசைக்கு வரும் உப்பிய பேட்டரிகளைப் பற்றி விசாரித்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு சூடு அதன் பின்னால் இருக்கும். நிறுத்திய காருக்குள், கண்ணாடிக்குப் பின்னால் வெயிலில் விட்டது. சார்ஜ் போட்டுக்கொண்டே மணிக்கணக்கில் விளையாடியது. வழிகாட்டும் வரைபடச் செயலியை ஓடவிட்டு, சார்ஜும் போட்டு, வெயிலில் மாட்டி வைத்தது. கம்பியில்லாச் சார்ஜர் மேல் சரியாகப் பொருந்தாமல் இரவெல்லாம் கிடந்தது. தடித்த உறை போட்டிருந்தால், சார்ஜ் ஏறும்போது தொட்டுப் பாருங்கள். சுடுகிறது என்றால் அந்த நேரத்துக்கு மட்டும் உறையைக் கழற்றிவிடுங்கள். கைபேசி சூடாகிவிட்டால் நிழலில் வைத்துத் தானாக ஆறவிட்டாலே போதும். சிலர் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். திடீர்க் குளிரில் உள்ளே ஈரம் படியும், அது பேட்டரியைவிடப் பெரிய செலவு வைக்கும்.

உங்கள் அண்ணன் சொன்னதற்கு ஒரு வரலாறு உண்டு. முன்பு கம்பியில்லாத் தொலைபேசிகளிலும் ஆரம்பகாலக் கைபேசிகளிலும் நிக்கல் காட்மியம் பேட்டரிகள் இருந்தன. பாதியில் பாதியில் சார்ஜ் ஏற்றினால் அவை தங்கள் முழு அளவை மறந்துபோகும். அதற்காக அவ்வப்போது முழுசாக இறக்கி ஏற்றச் சொன்னார்கள். அந்தக் காலத்துக்கு அது சரியான அறிவுரை. இன்றைய கைபேசிகளில் இருக்கும் லித்தியம் அயனி பேட்டரிக்கு அது நேர் எதிர். அடிமட்டம் வரை இறக்கி உச்சிவரை ஏற்றும்போதுதான் மின்முனைகள், அதாவது பூச்சுப் பூசிய அந்த இரண்டு தாள்கள், அதிகம் உப்பிச் சுருங்கும். இவற்றுக்கு 30க்கும் 80க்கும் இடையில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி இறங்குவதுதான் சுகம். மத்தியானம் ஒரு இருபது நிமிடம், சாயங்காலம் ஒரு இருபது நிமிடம் என்று சார்ஜில் போடுவதால் எந்தக் கெடுதலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைச் சடங்கை விட்டுவிடுங்கள். சதவீதக் கணக்கு தாறுமாறாகக் காட்டினால் மட்டும், அரிதாக ஒரு முறை முழுசாக இறக்கி ஏற்றலாம். அதனால் சரியாவது கணக்குப் பார்க்கும் சில்லு மட்டும்தான். பேட்டரிக்குப் பழைய பலம் வந்துவிடாது.

மகள் சொல்வதில் உண்மை இருக்கிறது. இன்றைய கைபேசி பேட்டரிகள் பலவற்றில் முழுச் சார்ஜ் என்றால் ஏறக்குறைய 4.4 வோல்ட். 80 சதவீதத்தோடு நிறுத்தினால் அந்த உச்சிக்குப் போகாமலே இருக்கலாம். திரவமும் கோபால்ட் முனையும் அவ்வளவு சிதையாது. பல கைபேசிகளில் 80இல் நிறுத்தும் வசதி அமைப்புகளிலேயே இருக்கிறது. ஆனால் என் கருத்தைக் கேட்டால், அதை எல்லாருக்கும் சொல்ல மாட்டேன். மூன்று வருடம் கழித்து பேட்டரி 80க்கு இறங்கிவிடக் கூடாது என்பதற்காக, முதல் நாளிலிருந்தே 80 சதவீத பேட்டரியோடு வாழ்வதில் என்ன லாபம்? 80 உங்களுக்கு ஒரு நாளைக்குத் தாராளமாகப் போதும் என்றால் வையுங்கள். கஷ்டம் இல்லாமல் கிடைக்கும் ஆயுள் அது. சாயங்காலம் சார்ஜ் தீர்ந்து தவிக்க வேண்டியிருந்தால் நூறு வரை ஏற்றிக்கொள்ளுங்கள். நூறைத் தொடுவதில் குற்றமில்லை, நூறிலேயே பல மணி நேரம் சூட்டோடு கிடப்பதுதான் கெடுதல். அதற்கும் ஒரு நடுவழி இருக்கிறது: நீங்கள் எழும் நேரத்தைப் பழகிக்கொண்டு, இரவு முழுக்க 80இல் நிறுத்தி வைத்து, விடியும் முன் மீதியை ஏற்றும் வசதி. இப்போதைய பெரும்பாலான கைபேசிகளில் பேட்டரி அமைப்புகளுக்குள் ஏதோ ஒரு பெயரில் அது இருக்கும். உங்கள் அலாரத்துக்குப் பதில் அதை இயக்கி வையுங்கள்.

வேகமான சார்ஜரைப் பற்றி உங்கள் கணவர் பயப்பட வேண்டாம். சார்ஜர் தன் பலத்தையெல்லாம் கைபேசிக்குள் தள்ளுவதில்லை. எவ்வளவு வேண்டும் என்று கைபேசி கேட்கும், அதைத்தான் அது கொடுக்கும். சூடு கூடினாலும் பேட்டரி நிறைந்துவந்தாலும் கைபேசியே குறைத்துக் கேட்கும். உறைநிலைக் குளிரில் வேகமாக ஏற்றுவதுதான் உண்மையான கெடுதல். அப்போது லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். மற்றபடி, அவசரம் இல்லாத இரவில் மெதுவான சார்ஜர் இருந்தால் அதைப் போடுங்கள், சூடு குறையும். அவ்வளவுதான்.

இனி உங்கள் முக்கியக் கேள்வி. புதுக் கைபேசி வேண்டாம். திரை நன்றாக இருந்து, பாதுகாப்புப் புதுப்பிப்புகள் இன்னும் வந்துகொண்டிருந்தால் பேட்டரியை மட்டும் மாற்றுங்கள். தள்ளிப் போடவும் வேண்டாம். பேட்டரி முதுமை கடைசிவரை ஒரே சீராக இறங்குவதில்லை. முதல் சில மாதங்களில் சற்று வேகமாக இறங்கி, பிறகு நெடுநாள் நிதானமாகப் போகும். 80ஐத் தாண்டிக் கீழே வந்த பிறகு சில பேட்டரிகள் மடமடவென்று சரிய ஆரம்பிக்கும். உங்களுடையது ஏற்கெனவே அணைய ஆரம்பித்துவிட்டது. அவசரத்துக்கு அழைக்கிற நேரத்தில் அணைந்தால் என்ன செய்வீர்கள்?

மாற்றும்போது நிறுவனத்தின் சேவை மையம் இருந்தால் அதுதான் முதல் தேர்வு. வெளியே மாற்றினால், அசல் பேட்டரியா என்று கேளுங்கள். தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். பெட்டியில் கிடந்தாலும் வயதாகும் என்று சொன்னேன் இல்லையா, மூன்று வருடம் கிடங்கில் இருந்த 'புது' பேட்டரி புதிது அல்ல. உங்கள் கைபேசியின் அசல் பேட்டரியைவிட வெகு அதிகமான மில்லி ஆம்பியர் மணி (mAh என்று போட்டிருக்கும் கொள்ளளவு) அச்சிட்டிருந்தால் வாங்காதீர்கள். அதே அளவுப் பையில் அவ்வளவு கூடுதலாக அடைக்க முடியாது. கொடுப்பதற்கு முன் சார்ஜை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கிக் கொண்டுபோங்கள். கழற்றும்போது தவறிக் குத்துப்பட்டால் நிறைந்த பேட்டரிதான் அதிகம் ஆபத்து. தண்ணீர் புகாத கைபேசி என்றால், திறந்த பிறகு விளிம்பில் உள்ள ஒட்டுப் பட்டையையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழைய அளவுக்குத் தண்ணீர் தாங்கும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

கடைசியாக, அப்பாவின் குரல் இருக்கும் அந்தப் பழைய கைபேசி. இதைத்தான் நீங்கள் முதலில் கவனிக்க வேண்டும்.

அதைக் கையில் எடுத்ததும் பக்கவாட்டில் பாருங்கள். திரை ஒரு ஓரத்தில் தூக்கியிருக்கிறதா, பின்மூடி புடைத்திருக்கிறதா, மேசையில் வைத்தால் ஆடுகிறதா? மின்பகுளி சிதைந்து வாயு சேர்ந்தால் பேட்டரி இப்படி உப்பும். உப்பியிருந்தால் சார்ஜரைத் தொடவே வேண்டாம், அழுத்தவும் வேண்டாம். தீப்பிடிக்கும் பொருள் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் வைத்து, பழுது பார்ப்பவரிடம் அப்படியே கொண்டுபோங்கள். கழற்றிய பேட்டரியைக் குப்பையில் போடாமல், மின்கழிவு வாங்குகிற இடத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

உப்பவில்லை என்றாலும் மூன்று வருடத்தில் அதன் சார்ஜ் தானாகவே வடிந்து போயிருக்கும். மின்னழுத்தம் மிகவும் கீழே இறங்கிவிட்டால், உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று பேட்டரியைத் துண்டித்துவிடும். அதனால் சார்ஜர் செருகியும் கொஞ்ச நேரம் உயிரே இல்லாத மாதிரி இருக்கலாம். அதையும் தாண்டி இறங்கியிருந்தால் செப்புத் தாளே கரைந்து, மறுபடி ஏற்றும்போது உள்ளுக்குள் குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஆகும் அபாயம் உண்டு. ஆகவே பகலில், நீங்கள் பக்கத்திலேயே இருக்கும்போது, குறைந்த வேகச் சார்ஜரில் அரை மணி நேரம் போட்டுப் பாருங்கள். சூடேறினால் உடனே பிடுங்கிவிடுங்கள். உயிர் வந்துவிட்டால் முதல் வேலை அந்தக் குரல் பதிவுகளை வேறு இரண்டு இடங்களில் பிரதி எடுப்பது. நூறு ஏறட்டும் என்று காத்திருக்காதீர்கள். சார்ஜர் செருகியபடியே, திரை வந்த அந்த நிமிடத்தில் ஆரம்பித்துவிடுங்கள். பிறகு பாதிச் சார்ஜில் அணைத்து, சூடில்லாத இடத்தில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுத்து மறுபடி பாதியாக்கி வையுங்கள்.

உயிரே வரவில்லை என்றால் பயந்துவிடாதீர்கள். பேட்டரி வேறு, பதிவுகள் இருக்கும் நினைவகச் சில்லு வேறு. பேட்டரி செத்ததால் அந்தப் பதிவுகள் அழிந்துவிடாது. அதே மாதிரிக்கு ஒரு பேட்டரி தேடிப் பொருத்தினால் பெரும்பாலும் திறந்துவிடும். ஆனால் கொடுக்கும்போது பழுது பார்ப்பவரிடம் இரண்டு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள்: உள்ளே இருப்பது எனக்கு வேண்டும், எக்காரணம் கொண்டும் ஆரம்ப நிலைக்கு அழித்துவிடாதீர்கள். அப்புறம், அந்தக் கைபேசியின் திரைப்பூட்டு எண் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று இன்றே யோசித்துப் பாருங்கள். வீட்டில் யாருக்காவது தெரிந்தால் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.